எல்லாமே கல் பாவிய சாலைகள் அல்ல

ரோமானியச் சாலைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில், ரோமானியச் சாலை என்றாலே கல் பாவியது என்பதுபோல வருகிறது. ஊருக்கு வெளியே பல சாலைகள் சரளை கொட்டி இறுக்கியவைதான். ரோமிலிருந்து தெற்கே போக கி.மு. 312-ல் தொடங்கிய ஆப்பியன் சாலைக்கே கருங்கல் பிற்பாடுதான் வந்தது.

அதே சாலையில் டெர்ராச்சினா என்று ஓர் ஊர். முதலில் வழி மலையேறி இறங்கியது. ரோமப் பேரரசர் டிராஜன் காலத்தில் கடலோரப் பாறையைச் செங்குத்தாக வெட்டி நேர்வழி போட்டார்கள். மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்தவர்கள் பத்தடிக்கு ஒரு எண் பொறித்திருக்கிறார்கள், கீழே 120 வரை. கூலிக் கணக்கோ என்னவோ!

'மைல்' என்பதும் ரோமானியர்கள் விட்டுப்போனதுதான். லத்தீனில் ஆயிரம் தப்படி. இடது எட்டும் வலது எட்டும் சேர்ந்தால் ஒரு தப்படி. நம்மூர்க் கல்லில் கிலோமீட்டர் எழுதியிருந்தாலும் இன்னும் மைல்கல் என்றுதானே சொல்கிறோம்?