செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடாது

"கைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் மாதச் சந்தாவும் தானாக நின்றுவிடும்" என்றொரு தகவல் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு. இலவசச் சோதனைக் காலம் என்று நம்பி, யூபிஐ ரகசிய எண்ணை இட்டு நாம் ஒப்புதல் தந்த ஆட்டோபே, அதாவது தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு, வங்கிக் கணக்கோடு பிணைந்திருப்பதால், செயலி போன பின்பும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

தச்சநல்லூரில் என் சித்தியின் கைபேசியில் நான் பார்த்த ஒரு செயலியின் சந்தாத் திரையில், "தொடர்க" என்பது கட்டைவிரல் அகலப் பச்சைப் பொத்தானாகவும், "ரத்து" என்பது வெயிலில் கண்ணுக்கே தட்டுப்படாத சாம்பல் எழுத்தாகவும் இருந்தன. இது கவனக்குறைவால் நேர்ந்தது என்று நான் நம்பவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில், ரத்து செய்யும் வழியை மறைக்கும் சந்தாப் பொறியும் ஒன்று.

சந்தாவை நிறுத்த, பணம் செலுத்தும் யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குள் சென்று, அந்த ஒப்புதலையே ரத்து செய்ய வேண்டும். பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வர வேண்டிய முன்னறிவிப்பை, விளம்பரம் என்று பலரும் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். ரத்து செய்ய வழியே தராத நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம்.