பிரெக்ஸிட்: சண்டை தீராததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதைப் பற்றி இந்த நாட்டில் யாராவது பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் அது வசவில் வந்து நிற்கிறது. வெளியேற வாக்களித்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள், இனவெறி பிடித்தவர்கள், பிரசாரப் பேருந்தில் எழுதியிருந்த பொய்யை நம்பி ஏமாந்தவர்கள் என்று ஒரு பக்கம். இருக்க வேண்டும் என்றவர்கள் எல்லாரும் தோல்வியை ஏற்க முடியாத லண்டன் பணக்காரர்கள் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டும் அலுத்துவிட்டது. நான் இருக்க வேண்டும் என்று வாக்களித்தவன், இன்றும் என் கருத்து அதுதான். ஆனால் என் கோபம் வெளியேற வாக்களித்த 1 கோடியே 74 லட்சம் பேர் மேல் இல்லை. அந்தக் கேள்வியை அப்படித் தயாரித்து மக்கள் முன்னால் வைத்தவர்கள் மேல்தான்.

2016 ஜூன் 23 அன்று வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? அவ்வளவுதான். இருப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும், 1973 முதல் இருந்துகொண்டுதானே இருந்தோம். வெளியேறுவது என்றால் என்ன? நார்வே மாதிரியா? அவர்கள் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விதிகளில் சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையில் இருக்கிறார்கள், பணமும் கட்டுகிறார்கள், ஐரோப்பியர்கள் அங்கே தாராளமாகப் போய் வேலை செய்யலாம். துருக்கி மாதிரியா? சுங்க ஒன்றியம் மட்டும், அதாவது தங்களுக்குள் சுங்கவரி இல்லை, வெளிச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி. கனடா மாதிரி வெறும் வர்த்தக ஒப்பந்தமா? அல்லது ஒப்பந்தமே இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவதா? இவை ஒவ்வொன்றும் தனித்தனி எதிர்காலம். ஒன்றில் உங்கள் ஊர் தொழிற்சாலை பிழைக்கும், இன்னொன்றில் இழுத்து மூடும். வாக்குச்சீட்டில் இவை எதுவும் இல்லை. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யலாமா என்று குடும்பத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்குமோ அதுதான் இந்த நாட்டில் நடந்தது.

அப்போதைய பிரதமர் டேவிட் கேமரனுக்கு இந்த வாக்கெடுப்பு தன் கட்சிக்குள் இருந்த சண்டையை அடக்க ஒரு வழி. 2013-இல் வாக்குறுதி கொடுத்தார், ஜெயித்துவிடுவோம் என்று நம்பினார், தோற்றால் என்ன செய்வது என்று அரசிடம் உருப்படியான திட்டம் எதுவும் இல்லை. முடிவு வந்த அன்று காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கேள்வி கேட்டவர் பதிலைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

போகும் இடம் எது என்று சொல்லவில்லையா, அதனால் பிரசாரம் செய்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு இடத்தைக் காட்டினார்கள். மருத்துவமனையில் மாதக்கணக்கில் காத்திருப்பவரிடம் ஒன்றியத்துக்குக் கட்டுவதில் வாரத்துக்கு 35 கோடி பவுண்டு மிச்சம் என்று பேருந்தில் எழுதிக் காட்டினார்கள். அந்தக் கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது, ஆனாலும் பேருந்து ஊர் ஊராகப் போனது. கிரிம்ஸ்பி துறைமுக மீனவரிடம் கடல் இனி உங்களுடையது என்றார்கள். தெற்காசியர்களான நம் பக்கம் வந்து, ஐரோப்பியர்கள் வருவதை நிறுத்தினால் உங்கள் நாட்டுச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகக் கிடைக்கும் என்றார்கள். கறி உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்ற அந்தப் பிரசாரத்தை முன்னால் நின்று நடத்தியவர் பிரீத்தி படேல். பின்னர் உள்துறைச் செயலாளர் ஆனவரும் அவர்தான். அந்த எளிதான விசா வரவில்லை. 2024-இல் திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 38,700 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். சின்ன உணவகம் நடத்துகிற எவரால் ஒரு சமையல்காரருக்கு அவ்வளவு கொடுக்க முடியும்?

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழர்கள் எல்லாரும் இருக்க வேண்டும் என்றுதான் வாக்களித்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளியேற வாக்களித்தவர்களை எனக்கே நன்றாகத் தெரியும், சிலர் சாப்பாட்டு மேசையில் என்னோடு சண்டை போட்டவர்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிது. என் அம்மாவைக் கூட்டிவர நான் எத்தனை படிவம் நிரப்புகிறேன், எவ்வளவு பணம் கட்டுகிறேன், கடைசியில் முடியாது என்று கடிதம் வருகிறது, ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் டிக்கெட் எடுத்து வந்து இறங்கி வேலை பார்க்கலாம், இது என்ன நியாயம்? இதில் இனவெறி எங்கே இருக்கிறது? உண்மையான மனக்குறை அது. ஐரோப்பியருக்குக் கதவை மூடினால் அவர் அம்மாவுக்குக் கதவு திறக்கும் என்று சொன்னதுதான் அநியாயம். அப்படித் திறக்கும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

யாருக்கு வாக்கு இருந்தது என்பதும் கொடுமை. நான் அப்போது இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருந்தேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே குடியிருந்தால் வாக்கு உண்டு, அதனால் எனக்கு வாக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, போரில் எல்லாவற்றையும் விட்டு ஜெர்மனிக்குப் போய், அங்கே குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிறகு லண்டனுக்கு வந்தவர். இப்படி ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்த ஈழத்துக் குடும்பங்கள் நிறைய. அந்த அண்ணனுக்கு வாக்கு இல்லை. எந்த ஒன்றியத்தின் பெயரால் அவர் இங்கே வாழ்ந்தாரோ அதைப் பற்றிய வாக்கெடுப்பில் அவர் பேசக்கூடாது, நான் பேசலாம். அப்புறம் 2021 ஜூன் 30-க்குள் அவரும் மனைவியும் இங்கே தொடர்ந்து இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு நாட்டை இழந்தவரிடம் போய், நீ இங்கே இருப்பதை நிரூபி என்று கேட்பது எப்படி இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்திலேயே அதிகமாக வெளியேறு என்று சொன்ன ஊர் லிங்கன்ஷயரில் இருக்கும் பாஸ்டன். 75.6 சதவீதம். சுற்றிலும் காய்கறி வயல்கள், அறுவடைக்கும் பொட்டலம் கட்டவும் போலந்து, லித்துவேனியா, லாட்வியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோது ஜெர்மனி தன் வேலைச் சந்தையை ஏழு ஆண்டு மூடியே வைத்திருந்தது. அதற்கு ஒன்றியத்தின் விதியிலேயே இடம் இருந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான் முதல் நாளே முழுதாகத் திறந்தன. லண்டன் எடுத்த முடிவு அது, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் எடுத்த முடிவு இல்லை. அரசு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிய வரி கருவூலத்துக்குப் போனது, ஆனால் பாஸ்டனில் கூடுதல் மருத்துவரும் பள்ளி இடமும் வாடகை வீடும் அந்த வேகத்தில் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த ஊர்க்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், அவர் கையில் இருந்த ஒரே ஆயுதத்தால் பதில் சொன்னார். அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, வாக்கெடுப்பு முடிந்தது. 51.9 சதவீதம் வெளியேறு, 48.1 சதவீதம் இரு. போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை நாடாளுமன்றத்தின் தலையில் விழுந்தது. கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரசா மே ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தார், 2019 ஜனவரியில் 432-க்கு 202 என்று தோற்றது. அவர் சொந்தக் கட்சியிலேயே 118 பேர் எதிர்த்தார்கள். அந்த 118 பேரில் ஒப்பந்தம் மிகவும் மென்மையானது என்றவரும் இருந்தார், மிகவும் கடுமையானது என்றவரும் இருந்தார், வெளியேறவே கூடாது என்றவரும் இருந்தார். இன்னும் இரண்டு முறை கொண்டுவந்தார், இரண்டு முறையும் தோற்றார். நடுவில் மார்ச் 27 அன்று உறுப்பினர்கள் தாங்களே எட்டு வழிகளை வைத்து வாக்களித்துப் பார்த்தார்கள், எட்டில் ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று மறுபடி முயன்றபோது சுங்க ஒன்றியம் 273-க்கு 276, மூன்றே வாக்கில் போயிற்று. அந்த மூன்று வாக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. முழு உறுப்பினராக இருக்கச் சொன்னவர்களில் சிலர் இறங்கி வந்திருந்தால், வெளியேறச் சொன்னவர்களிலும் சிலர் கை கொடுத்திருந்தால், பாதி நாட்டுக்காவது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு முடிவு கிடைத்திருக்கும். என் பக்கத்துக்காரர்கள் எல்லாம் வேண்டும் என்றார்கள், எல்லாம் போயிற்று. மேவுக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன் அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார், இருப்பதிலேயே கடினமான வழிகளில் ஒன்றில் நாட்டை வெளியே கொண்டுபோனார்.

அதற்கான விலையை முதலில் கட்டியது வட அயர்லாந்து. அங்கே 55.8 சதவீதம் பேர் இருக்க வேண்டும் என்று வாக்களித்திருந்தார்கள். பிரசாரக் காலத்தில் லண்டனில் அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அயர்லாந்து குடியரசோடு அவர்களுக்குச் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வயலின் ஒரு பாதி இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் உண்டு. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற சண்டையில் சுமார் 3,500 பேரைக் கொன்ற முப்பது ஆண்டு வன்முறை 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு அடங்கியது. அப்புறம் எல்லையில் இருந்த ராணுவச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால் சரக்கைச் சோதிக்க வேண்டிய தேவையும் இல்லை. பிரிட்டன் அந்தச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியே வந்தால் எங்கேயாவது ஓர் இடத்தில் சோதிக்கத்தான் வேண்டும். அயர்லாந்துக்குள் இருக்கும் எல்லையில் சோதித்தால் பழைய புண் திறக்கும். பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் சோதித்தால் தங்களைப் பிரிட்டிஷ்காரர்களாகக் கருதும் யூனியனிஸ்டுகளை அவர்கள் நாட்டிலிருந்தே பிரித்ததாக ஆகும். இரண்டும் வேண்டாம் என்றால் முழு பிரிட்டனும் ஐரோப்பிய விதிகளுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். நான்காவது வழி கிடையாது.

ஜான்சன் கடலைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்துவிட்டு, 2019 நவம்பரில் வட அயர்லாந்து வணிகர்கள் முன்னால் நின்று, யாராவது படிவம் கேட்டால் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று சொன்னார். 2021 ஜனவரியில் படிவங்கள் வந்தன. இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு விதை உருளைக்கிழங்கு அனுப்ப முடியவில்லை, மண்ணோடு செடி அனுப்ப முடியவில்லை, குளிரூட்டிய இறைச்சிக்கு நாள் குறித்தார்கள். ஏப்ரலில் தெருவில் கலவரம், ஒரு பேருந்தைக் கொளுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்டுகளின் டியூபி கட்சி அரசிலிருந்து விலகியது, 2023-இல் அந்தச் சோதனைகளைக் குறைக்கும் விண்ட்சர் ஏற்பாடு வந்த பிறகும் உடனே திரும்பவில்லை, 2024 பிப்ரவரி வரை அங்கே முறையான அரசே இல்லை. மருத்துவமனை வரிசை நீண்டது, ஊழியர் சம்பள உயர்வு நின்றது, முடிவெடுக்க அமைச்சர் இல்லை. அவர்கள் கேட்காத பயணத்துக்கு அவர்கள் கட்டிய கட்டணம் இது.

மீனவர்களுக்கும் இதே கதிதான். பிடித்த மட்டியும் சிப்பியும் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் விற்கும். 2021-இல் வெளிநாடு ஆனதும், பல கடற்பகுதிகளில் எடுத்த சிப்பிகளைச் சுத்திகரிக்காமல் உயிரோடு உள்ளே விட மாட்டோம் என்று ஒன்றியத்தின் விதி சொன்னது. 2025 மே மாதம் போட்ட புதிய உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டிஷ் கடலில் மீன் பிடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க வழி செய்தது அதே உடன்பாடுதான், அதனால் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கடல் உங்களுடையது என்று கேட்டு வாக்களித்த மனிதர் இதை எப்படிப் பார்ப்பார்? அவரிடம் போய் உனக்கு நன்றாக வேண்டும் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இப்போது கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்பவர்கள்தான் அதிகம். திரும்பச் சேருவோம் என்ற குரலும் வலுத்திருக்கிறது. என் நண்பர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவர்களும் போகும் இடத்தைச் சொல்லாமல்தான் பேசுகிறார்கள். பழைய இடம் அப்படியே காலியாக இல்லை. பிரதமர் தாட்சர் 1984-இல் ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் வாங்கிய தள்ளுபடி, யூரோ வேண்டாம் என்ற விலக்கு, எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஷெங்கனில் சேராமல் இருந்த விலக்கு, இவை எல்லாம் போய்விட்டன. புதிதாகச் சேரும் நாடு கொள்கையளவில் யூரோவை ஏற்க வேண்டும். 27 நாடுகளும் ஒருமனதாகச் சரி என்று சொல்ல வேண்டும். ஐரோப்பியர்கள் மறுபடி தாராளமாக வந்து வேலை செய்வார்கள், அதை பாஸ்டன்காரரிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், இந்த முறை மருத்துவருக்கும் வீட்டுக்கும் என்ன ஏற்பாடு என்பதோடு சேர்த்து. இவற்றைச் சொல்லாமல் ஒரே வரிக் கேள்வியோடு இன்னொரு வாக்கெடுப்பு வந்து நாம் 52-க்கு 48 என்று ஜெயித்தாலும் அடுத்த பத்து ஆண்டு இதே சண்டைதான், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருப்பார்கள்.

லேபர் கட்சியோ 2024 தேர்தல் அறிக்கையில் சுங்க ஒன்றியமும் இல்லை, ஒற்றைச் சந்தையும் இல்லை என்று எழுதி வாயை மூடிக்கொண்டது. 2019-இல் இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டுத் தீவிரமாக நின்றவர், 2024-இல் அதன் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர். பேசினால் வாக்குப் போகும் என்ற பயம் புரிகிறது. ஆனால் பிரெக்ஸிட்டால் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்று அரசின் நிதிநிலையைக் கணிக்கும் அலுவலகமே மதிப்பிட்டிருக்கும்போது, அதைப் பற்றிப் பேசாமலே வளர்ச்சி, வளர்ச்சி என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

அடுத்த முறை என் வீட்டு வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் கேட்கப்போவது இவைதான். சுங்க ஒன்றியமா, ஒற்றைச் சந்தையா, முழு உறுப்பினரா, இப்படியே இருப்பதா? வருடத்துக்கு எவ்வளவு கட்டுவோம்? யார் இங்கே வந்து வேலை செய்யலாம்? பெல்ஃபாஸ்டுக்குப் போகும் லாரியை யார், எங்கே நிறுத்துவார்கள்? கட்சி அறிக்கையில் அச்சடித்துக் காட்டினால் உட்கார வைத்துப் பேசுவேன். காட்டாவிட்டால், என்னைப் போலவே இருக்க வேண்டும் என்று வாக்களித்தவராக இருந்தாலும் என் வாக்கு அவருக்கு இல்லை.