கையெழுத்து உங்களுடையது, பாஸ்வேர்ட் யாருடையது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, இலங்கை மலையகத்தில் எந்த டவுனுக்குப் போனாலும் கடை முதலாளிகளிடம் இதே கூத்துத்தான். வருசம் பூரா பில்லையெல்லாம் உரச்சாக்கில் கட்டி வைக்கிறது, நவம்பர் கடைசிக் கிழமை அதைக் கணக்கரின் ஒபிசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. "நான் பார்த்துக்கிறேன் முதலாளி, இதுல மட்டும் ஒரு சைன் வைங்க." நீட்டுவது வெறும் படிவம். அதிலும் வைத்துவிட்டு வருகிறார்கள்!

நவம்பர் 30 வருமான வரி ரிட்டர்ன் கொடுக்கும் கடைசி நாள். காசு கட்டும் நாள் அது இல்லை. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வரி வருசத்துக்கு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நாலு தவணை. மிச்சத்தைச் செப்டம்பர் 30க்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்கும் இரண்டு மாதம் கழித்துச் சாக்கைப் பிரிக்கிற ஆள் எதைப் பார்த்துக்கொள்வார்? மாதத்துக்கு 1.5 வீத வட்டி ஓடுகிறது. அதை அவரா கட்டப்போகிறார்?

"டெக்ஸைக் குறைச்சுத் தருவார்", இந்த ஒரே தகுதியில் ஆள் பிடிக்கிறோம். எப்படிக் குறைக்கிறார் என்று யாராவது கேட்கிறோமா? மார்ச் 31 அன்று கடைச் சரக்கை யாரும் எண்ணுவதில்லை. அவரே மேசையில் இருந்து ஒரு தொகையைப் போடுகிறார். முடிவுச் சரக்கைக் குறைத்துப் போட்டால் இந்த வருட இலாபம் குறையும், சரி. அதே தொகைதான் அடுத்த வருடத்தின் ஆரம்பச் சரக்கு. இந்த முறை அமுக்கிய இலாபம் அடுத்த முறை அப்படியே வெளியே வரும். அதை மறைக்க இன்னும் குறைக்க வேண்டும். விற்பனையில் மொத்த இலாபம் எத்தனை வீதம் என்று மூன்று வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வரி அதிகாரிக்குப் புரிந்துவிடும். போதாததற்கு லோனுக்குப் பேங்குக்குக் கொழுத்த ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் பெலன்ஸ் ஷீட்) ஒன்று, இறைவரித் திணைக்களத்துக்கு மெலிந்தது ஒன்று. திணைக்களம் பேங்கிடம் விபரம் கேட்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. அன்றைக்கு இரண்டு ஐந்தொகையிலும் இருக்கப்போவது முதலாளியின் கையெழுத்து.

வற், அதாவது பெறுமதி சேர் வரி விசயம் இதைவிடக் கொடுமை. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது, அதற்குக் கட்டாயம் பதிய வேண்டிய எல்லையும் வருட விற்பனை 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. 6 கோடி என்றால் மாதம் 50 இலட்சம். சீமெந்தும் கம்பியும் தகரமும் விற்கும் ஹார்ட்வெயார் கடைக்கு, கையில் இலாபம் நிற்கிறதோ இல்லையோ, விற்பனை அந்த அளவை எட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது விற்பனையைக் கூட்டிப் பார்க்காத கணக்கர் எல்லை தாண்டியதை எப்படிச் சொல்வார்? பதியாமல் விட்ட காலத்து வற்றைத் திணைக்களம் கேட்டால், போன வருடம் சீமெந்து வாங்கிப் போனவரைத் தேடி இப்போது 18 வீதம் கேட்க முடியுமா? கைக்காசுதான் போகும்.

ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி பற்றிச் சொன்னால் இரத்தம் கொதிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். "அவங்கள லிஸ்ட்ல போட வேணாம் முதலாளி" என்று சொல்லிக் கொடுப்பவரும் தன்னைக் கணக்காளர் என்கிறார்! சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு முதலாளி கட்டும் ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். ஈபிஎப் பிந்தினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். சம்பளத்தில் அப்போது கழிக்காத 8 வீதமும் முதலாளி தலையில்தான் விழும். அந்தப் பிள்ளையின் வயசான காலத்துக் காசு அது.

வரி இலக்கம் எடுக்கும்போது கொடுத்தது யாருடைய போன் நம்பர், யாருடைய ஈமெயில்? பல இடத்தில் கணக்கருடையது. அறிவித்தலும் பாஸ்வேர்டும் எல்லாம் அவருக்குத்தான் போகும். சிங்களத்தில் வந்த கடிதத்தை விளங்கப்படுத்தாமலே பைலில் சொருகிவிடுகிறார். இவ்வளவு வரி என்று திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலுக்கு எதிராக மறுபரிசீலனை கேட்க 30 நாள்தான். அது முடிந்த பிறகு கத்தி என்ன பயன்?

ஆகவே ஆளைப் பிடிக்கும் முன் கேளுங்கள். போனும் ஈமெயிலும் என்னுடையதாக இருக்குமா? ரிட்டர்ன் அனுப்பியதற்கான அத்தாட்சியை அன்றைக்கே தருவீர்களா? மாதாமாதம் புத்தகம் எழுதுவது நீங்களா, ஒபிசில் புதிதாகச் சேர்ந்த பையனா? கட்டணத்துக்குள் என்னென்ன வேலை அடங்கும்? எழுத்தில் வாங்குங்கள். வரிக் காசை அவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பேங்கிலோ ஒன்லைனிலோ நீங்களே கட்டி, ரசீதை வையுங்கள். பிரைவட் லிமிடட் கம்பனி என்றால் புத்தகம் எழுதுபவரும் ஓடிட் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பட்டயக் கணக்காளர் என்று போர்ட் போட்டிருந்தால் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு, கொழும்பில் உள்ள பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் சரிபாருங்கள். அங்கத்தவர் என்றால் முறைப்பாடு கொடுக்க ஓர் இடமாவது உண்டு. பைலைத் தராமல் இழுத்தடிக்கும் போது அதன் அருமை தெரியும்.