கல்யாண மண்டபத்துப் பெட்டியும் எங்கள் வீட்டு ஹாலும்

போன வருடம் ஆடி மாதம் எனக்குத் தெரிந்த ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கடையை மூடினார். ஆடியில் கல்யாணம் கிடையாது. உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரம் கிடைத்தது, பார்த்ததும் மூடிவிட்டார். பேஸ் ஒலிக்கு 12 அங்குல ஊஃபரும், மேலே கீச்சு ஒலிக்குப் புனல் மாதிரி ஹார்னும் வைத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அவரிடம் 16 ஆயிரத்துக்குப் பேசி, லோடு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் வைத்து ஒன்றைச் சாய்த்தபோது முன்பக்க ஓட்டை வழியாக மஞ்சள் அரிசி பொலபொலவென்று கொட்டியது. அட்சதை! கூடவே ஜிகினாத் தாள், காய்ந்த மல்லிகைச் சருகு, ஒரு ஐம்பது பைசாக் காசு.

"மண்டபத்துல இருந்தா தூக்கிட்டு வந்தீங்க?" என்று வீட்டம்மா கேட்டார். ஏறக்குறைய அதுதான் என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

ஹைஃபை பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கத்துறதுக்குச் செஞ்சது சார், கேக்குறதுக்கு இல்ல" என்றார். இந்தப் பதிவு அவருக்கான பதில்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் காது கிழிவது உண்மை. அதற்குப் பெட்டியைத் திட்டுவதில் நியாயம் இல்லை. நாலு பக்கமும் வெற்றுச் சுவர், மேலே தகரக் கூரை, மிக்ஸரில் ஒலி அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவே அணையாது, ட்ரெபிளை முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். எந்தப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் கதறத்தான் செய்யும். அப்புறம், மைக் செட் என்றதும் நம் ஆட்களுக்கு வேப்பமரத்தில் கட்டிய குழாய்தான் நினைவுக்கு வருகிறது. என் மாமா அந்தத் தொழிலில் இருந்தவர், குழாயோடு சேர்ந்து மரம் ஏறியவன் நான். அது பேச்சு தூரத்துக்குக் கேட்பதற்காக நடு அலைவரிசையை மட்டும் தள்ளிவிடும் சாமான். அதை வைத்து எல்லாத் தொழில்முறை ஸ்பீக்கரையும் எடை போடுவது, பஸ் ஹாரனைக் கேட்டுவிட்டு நாகஸ்வரம் வேண்டாம் என்பது மாதிரி.

என் பெட்டியை ஓட்டுவது சேனலுக்கு 30 வாட் தரும் பழைய வீட்டு ஆம்ப். முதல் நாள் இரவு ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போட்டேன். சத்தம் அதிகமில்லை, பக்கத்து அறையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். ஆலாபனை முடிந்து தவில் உள்ளே வந்த முதல் அடியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வலந்தலையில் விரல் கவசங்கள் விழும் அந்தச் 'சடார்', கோவில் பிரகாரத்தில் பத்தடி தள்ளி நின்று கேட்டால் எப்படி நெஞ்சில் தட்டுமோ அப்படித் தட்டியது. இதற்கு முன் இருந்த, ஊரே மெச்சிய புத்தக அலமாரி ஸ்பீக்கரில் அதே அடி 'டப்' என்றுதான் கேட்கும். அழகான 'டப்'தான், ஆனால் அது தவில் இல்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை, கணக்குதான். ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதை சென்சிட்டிவிட்டி என்பார்கள். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 88 வரை. மண்டபத்துப் பெட்டிகள் 96, 97, அதற்கு மேலும் போகும். 10 டெசிபெல் வித்தியாசம் என்றால் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்று அர்த்தம். தவில் அடியின் உச்சம், பாட்டின் சராசரி சத்தத்தைவிட 20 டெசிபெல் மேலே போகலாம். அதாவது நூறு மடங்கு பவர். சராசரிக்கு 1 வாட் கேட்கும் வீட்டு ஸ்பீக்கர் அந்த ஒரு கணத்துக்கு 100 வாட் கேட்கும். என் 30 வாட் ஆம்ப் எங்கே போகும்? உச்சியை வெட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். மண்டபத்துப் பெட்டியில் அதே சராசரிக்கு 0.1 வாட், அடிக்கு 10 வாட். ஆம்புக்கு வியர்க்கக்கூட வியர்க்காது. போதாததற்கு, சின்ன ஸ்பீக்கரில் பவரை ஏற்ற ஏற்ற உள்ளே வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் சூடாகி மின்தடை கூடும். கொடுத்த பவருக்கு ஏற்ற சத்தம் வராது.

அப்படியானால் வீட்டு ஸ்பீக்கரை ஏன் இவ்வளவு மந்தமாகச் செய்தார்கள்? செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது ஸ்பீக்கர் உலகத்தின் இரும்பு விதி. கேஎல்எச் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான ஹாஃப்மன் சொன்னது. 1954-இல் எட்கர் வில்சரும் ஹென்றி க்ளாஸும் ஏஆர்-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் ஆக்கி, சின்ன இடத்திலிருந்து ஆழமான பேஸ் எடுத்தார்கள். அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி. பின்னாலேயே ஸ்டீரியோ வந்து, வீட்டுக்கு ஒன்று என்பது இரண்டாகவே, பெரிய பெட்டிக்கு ஹாலில் இடமில்லாமல் போயிற்று. ஆக, இது சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடந்த இடத்தகராறு. ஜெயித்தது சோபா.

தொழில்முறை ஸ்பீக்கர், வீட்டு ஸ்பீக்கர் என்ற வேலியும் எல்லோரும் நினைப்பதுபோல அவ்வளவு உயரமில்லை. ஜேபிஎல் கம்பெனி தன் 4310 ஸ்டூடியோ மானிட்டருக்கு (பாட்டுப் பதிவு செய்பவர்கள் சரிபார்க்கக் கேட்கும் ஸ்பீக்கர்) அழகான மரப்பெட்டியும் ஆரஞ்சு நிறப் பஞ்சு முகப்பும் போட்டு 1970-இல் எல்100 என்று வீடுகளுக்கு விற்றது, பிய்த்துக்கொண்டு போயிற்று. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த குட்டி எல்எஸ்3/5ஏ, இன்றும் வீடுகளில் பூஜை அறைக்கு அடுத்த மரியாதையோடு இருக்கிறது. அதன் சென்சிட்டிவிட்டி 83-ஐ ஒட்டித்தான், ஆகவே தொழில்முறை என்றாலே கத்தல் என்பதும் பொய். எதிர்த் திசையிலும் போயிருக்கிறார்கள். யமஹா என்எஸ்-10 1978-இல் வீட்டுக்கென்று வந்தது, வீட்டில் யாரும் சீந்தவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டு, உறுத்திய டுவீட்டரின் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டி, உலகத்துப் பாட்டையெல்லாம் அதில் மிக்ஸ் செய்தார்கள். ஜப்பானில் ஜாஸ் கேட்பதற்கென்றே இருக்கும் காபிக் கடைகளில், தியேட்டருக்கென்று செய்த ஆல்டெக் பெட்டிகளைச் சின்ன அறைகளில் வைத்துக் கேட்கிறார்கள். நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நம் வீடுகளுக்கு இந்த ஹார்ன் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஹால் 11-க்கு 16 அடி. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கம்பளம் கிடையாது, கனத்த திரைச்சீலை கிடையாது. கை தட்டினால் 'டொய்ங்' என்று திரும்பி வரும். சாதாரண டோம் டுவீட்டர் ஒலியை நாலாபக்கமும் இறைக்கும், அது சுவரில் பட்டுப் பட்டு வந்து எல்லாம் கலங்கிவிடும். ஹார்ன், பக்கவாட்டில் 90 டிகிரிக்குள்ளும் மேல்கீழாக அதைவிடக் குறுக்கியும் அனுப்புகிறது. பெட்டியை என்னை நோக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்த பிறகு பாட்டில் சொற்கள் தனித்தனியாக விழுந்தன. அறையைச் சரிசெய்யச் செலவழிக்க வழியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, குறைகள். அவை இருக்கின்றன, கொஞ்சமாகவும் இல்லை.

60 ஹெர்ட்ஸுக்குக் கீழே என் பெட்டியில் ஒன்றும் கிடையாது. மிருதங்கத் தொப்பியின் அடிவயிற்று 'கும்' பாதிதான் வருகிறது. மண்டபத்தில் அந்த வேலைக்கு 18 அங்குல பேஸ் பாக்ஸ் தனியாக இருக்கும், வீட்டில் யார் வைப்பது? அப்புறம், ஹார்னுக்குப் பின்னால் ஒலியை உண்டாக்கும் கம்ப்ரஷன் டிரைவர் ஆம்பின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நள்ளிரவில், பாட்டு நின்ற இடைவெளியில், 'ஸ்ஸ்' என்று மெலிதாகக் கேட்கும். ஆம்ப் உள்ளேயே வரும் பெட்டியாக இருந்தால் இது இன்னும் கூடலாம். சிலவற்றில் ஃபேன் வேறு ஓடும், தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் அலுவலக நண்பர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, என்னைவிடப் பெரிதாக 15 அங்குலப் பெட்டியை வாங்கி 10-க்கு 12 படுக்கையறையில் வைத்தார். ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் பாடகியின் குரலில் பாதி மேலிருந்தும் பாதி கீழிருந்தும் வருகிறது. ஊஃபரும் ஹார்னும் ஒன்று சேரத் தூரம் வேண்டும். ஒரே மாதத்தில் விற்றுவிட்டார், எனக்கும் இரண்டு திட்டு.

"சின்ன சத்தத்தில் பெரிய ஸ்பீக்கர் நன்றாக இருக்காது" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சத்தம் குறைந்தால் பேஸ் குறைவாகக் கேட்பது நம் காதின் குணம், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்னது. எந்த ஸ்பீக்கரிலும் அப்படித்தான். இரவில் பேஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கள், முடிந்தது.

சின்ன அறைக்காரர்களுக்கு 5 அல்லது 8 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் போதும், அதுவும் இந்த ஜாதிதான். ஆன்லைனில் விலை பார்த்துத் துள்ளாதீர்கள், பல சமயம் அது ஒரு பெட்டியின் விலை. கம்ப்யூட்டரோடு இணைத்ததும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது 'ம்ம்ம்' என்ற உறுமல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் நிபுணர்கள் வருவார்கள். உயிர் போகும், செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள், மூன்று பின் கேனன் (எக்ஸ்எல்ஆர்) ஒயர் போடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், அதற்கும் போகாவிட்டால் மின் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று.

பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லி, ஊஃபரின் கூம்பை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே 'சர சர' என்று உரசினால் வாய்ஸ் காயில் கருகியிருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள். இரண்டு ஹார்னையும் தனித்தனியாக ஒரே பாட்டில் கேளுங்கள். ஒன்று மட்டும் மந்தமாகவோ கரகரப்பாகவோ இருந்தால் உள்ளே அதிரும் டயாஃப்ரம் தகட்டை மாற்றியிருப்பார்கள், பெரும்பாலும் மட்டரக உதிரிபாகம் போட்டு.

எனக்குப் பெட்டி விற்றவர் நேற்று போன் செய்தார். அந்த 18 அங்குல பேஸ் பாக்ஸ் இன்னும் குடோனில்தான் கிடக்கிறதாம். வாங்குவதாகச் சொல்லவில்லை. வாசற்கதவின் அகலத்தை மட்டும் அளந்து வைத்திருக்கிறேன்.