சோதனை வேலைக்கும் கூலி கொடுங்கள்

நேற்று இரவு உள்பெட்டியில் ஒரு பெண் கேட்டிருந்தார்: "அக்கா, டிசைனர் வேலைக்கு விண்ணப்பிச்சிருந்தேன். டெஸ்ட்னு சொல்லி மூணு போஸ்டர், ஒரு லோகோ, ஒரு வாரத்துல செஞ்சு அனுப்பச் சொல்றாங்க. காசு பத்திப் பேச்சே இல்லை. அனுப்பட்டுமா?"

படிப்பை முடித்து முதல் வேலை தேடுகிறவர். அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஓவியர்கள், வீடியோ எடிட்டர்கள், விளம்பர வாசகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஒருவருடைய திறமை தெரிய வேண்டுமென்றால் அவர் ஏற்கெனவே செய்ததைப் பாருங்கள். புதிதாக ஒன்றைச் செய்து தரச் சொன்னால் அது வேலை. அதற்குக் கூலி கொடுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பதினான்கு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் மாதச் சம்பளம், அதன்பின் ஃப்ரீலான்ஸ். சம்பளத்தை விட்டு வெளியே வந்த முதல் வருடம் ஒரு நிறுவனம் புத்தக வரிசை ஒன்றுக்கு அட்டை வடிவமைக்க ஆள் தேடியது. சாம்பிளாக நான்கு அட்டைகள் கேட்டார்கள். பத்து நாள் உட்கார்ந்து செய்தேன். நான்கு புத்தகங்களையும் படித்துவிட்டுத்தான் கோடே போட ஆரம்பித்தேன். அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன், அதற்கும் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து அந்த வரிசை வெளிவந்தது. நான்கு அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரே நிலக்காட்சியாக இணையும் என்பது என் யோசனை. அச்சில் வந்த அட்டைகளும் அப்படித்தான் இணைந்தன. வரைந்தது வேறொருவர், நிறம் வேறு, எழுத்துரு வேறு.

தெரிந்த வழக்கறிஞரிடம் போனேன். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டுக்குத்தான், யோசனைக்குக் கிடையாது. 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவே அதைத்தான் சொல்கிறது. நான் வரைந்த படத்தை அப்படியே எடுத்திருந்தால் வழக்குப் போடலாம். யோசனையை எடுத்து வேறு கையால் வரைய வைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சட்டம் சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். யோசனைகளைப் பூட்டி வைத்தால் கலை மூச்சுவிட முடியாது. ஆனால் அதனாலேயே, சோதனை என்ற பெயரில் யோசனையைக் கேட்டு வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று பாருங்கள். நம்மிடம் உள்ளதிலேயே விலைமதிப்பு அதிகமாகவும் பாதுகாப்பு குறைவாகவும் உள்ள பொருள் அது.

"வேலை தேடும்போது கொஞ்சம் இறங்கித்தான் போகணும், ஒரு தடவைதானே" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். அப்போது ஒரு முறை தேர்வு, ஒரு முறை நேர்காணல், அப்புறம் பத்து வருடம் அதே நாற்காலி. இப்போது அந்த நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது. ஆறு மாத ஒப்பந்தம், ஒரு படத்துக்கு ஒப்பந்தம், ஒரு பிரச்சாரத்துக்கு ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல், மறுபடி டெஸ்ட். வருடத்துக்குப் பன்னிரண்டு வேலை பிடிக்க வேண்டிய ஃப்ரீலான்சர் முப்பது இடத்திலாவது முயல வேண்டியிருக்கும். முப்பதில் பாதிப் பேர் இரண்டு நாள் டெஸ்ட் கேட்டாலே ஒரு மாதம் போய்விடும். வருடத்தில் ஒரு மாதம் சும்மா உழைப்பது! வேலை முறை மாறிவிட்டது, ஆள் எடுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடைவெளிக்கான செலவு முழுக்க விண்ணப்பிக்கிறவர் தலையில் விழுகிறது. வாடகையும் குழந்தையும் இருக்கிறவரால் அந்த ஒரு மாதத்தைத் தாங்க முடியாது. வீட்டில் பணம் இருக்கிறவர் தாங்குவார். கடைசியில் டெஸ்ட் யாருடைய திறமையையும் அளப்பதில்லை, யாரிடம் ஓய்வு நேரம் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது.

எழுத்தாளர்கள் இதைச் சங்கமாகச் சேர்ந்து எதிர்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கமான டபிள்யூஜிஏ, கதை சொல்லப் போகும் இடத்தில் எழுதிய தாள்களை விட்டுவிட்டு வராதீர்கள் என்று தன் உறுப்பினர்களிடம் தனிப் பிரச்சாரமே நடத்தியது. வாயால் சொல்வது நேர்காணல், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அது சம்பளம் இல்லாத எழுத்து. எவ்வளவு தெளிவான கோடு! அதே சங்கம்தான் 2023 மே முதல் செப்டம்பர் வரை 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதற்கு இணையாக நின்ற இன்னொரு கோரிக்கை, ஒரு தொடருக்கு எத்தனை எழுத்தாளர்களை எத்தனை வாரத்துக்கு எடுப்பது என்பது. தொடர் உறுதியாகும் முன்பே நாலைந்து பேரைச் சில வாரம் மட்டும் உட்கார வைத்து யோசனைகளை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பழக்கம் பரவியிருந்தது. குறைந்தபட்ச ஆட்கள், குறைந்தபட்ச வாரங்கள் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். வடிவமைப்பாளர்களான நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சங்கமே இல்லை. அமெரிக்காவின் ஏஐஜிஏ போன்ற தொழில் அமைப்புகள் கூலி இல்லாத முன்வேலை கூடாது என்று நீண்ட காலமாகச் சொல்கின்றன. சொல்லத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நியூயார்க் நகரில் 2017 மே மாதம் ஃப்ரீலான்சர்களுக்கென்றே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பணம் தரும் தேதி எழுதப்படவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும். 2024இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நல்ல சட்டம். ஆனால் அது ஒப்பந்தம் ஆன வேலையைத்தான் காக்கும். வேலை கிடைக்குமா என்று காத்திருக்கும்போது செய்து கொடுத்தது அதில் அடங்காது. அதைக் காப்பாற்ற இப்போதைக்கு நம் வாய்தான் இருக்கிறது.

இப்போது மறுபக்கம். கடந்த மூன்று வருடமாக நானும் ஆள் எடுக்கிறேன். 2022க்குப் பிறகு, படம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியதும், போர்ட்ஃபோலியோவை (ஒருவர் செய்த வேலைகளின் தொகுப்பை) மட்டும் நம்பி எடுப்பது கடினமாகிவிட்டது என்பது உண்மை. பத்து விண்ணப்பம் வந்தால் இரண்டு மூன்றில் படங்களை யார் செய்தது, எதில் செய்தது என்ற சந்தேகம் வருகிறது. அந்தப் பயத்தில்தான் பலர் டெஸ்ட் கேட்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டெஸ்டையும் அதே கருவியில் செய்து அனுப்பலாமே? நான் கேட்பது வேறு. போர்ட்ஃபோலியோவில் இருந்து ஒரு வேலையை நானே தேர்ந்தெடுப்பேன். அதன் லேயர் கோப்பை, அதாவது படத்தின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசச் சொல்வேன். முதல் கிறுக்கல் எது, எதைத் தூக்கிப் போட்டீர்கள், கிளையண்ட் எதை மாற்றச் சொன்னார், எதற்கு மறுத்தீர்கள்? சொந்தக் கையால் செய்தவர் இதற்கெல்லாம் நிறுத்தாமல் பேசுவார். தூக்கிப் போட்டதைப் பற்றிப் பேசும்போதுதான் ஒருவருடைய கண் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அதற்குப் பிறகும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் கடைசி இரண்டு பேருக்கு மட்டும் டெஸ்ட். மூன்று மணி நேரத்தில் முடிகிற அளவு, உண்மையான கிளையண்டுக்குத் தொடர்பே இல்லாத கற்பனை பிரீஃப் (வேலைக் குறிப்பு). என் வழக்கமான மணிக்கூலி இருவருக்கும், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். செய்ததன் உரிமை அவர்களிடமே இருக்கும்.

ஆரம்பத்தில் நானும் இப்படிச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை ஆள் எடுத்தபோது ஏழு பேரிடம் கூலி இல்லாமல் டெஸ்ட் கேட்டேன். ஆறு பேர் அனுப்பினார்கள். ஏழாமவர் மரியாதையாக இரண்டே வரி எழுதி மறுத்தார். அந்த இரண்டு வரியைப் படித்தபோது என் பத்து நாளும் நான்கு அட்டையும் கண் முன் வந்தன. மற்ற ஆறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பணம் அனுப்பினேன்.

போட்டி நல்லதுதானே என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. சிட்னி ஓப்பரா ஹவுஸ் போட்டியில்தான் பிறந்தது. 1957இல் 233 வடிவமைப்புகளில் இருந்து டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது விதிகள் அறிவிக்கப்பட்டு, நடுவர் யாரென்று தெரிந்து, பெயர் மறைத்து, பரிசு வைத்து நடந்த போட்டி. தோற்றவருக்கும் தோற்றோம் என்று தெரிந்தது. பதிலே வராத மின்னஞ்சலைப் போட்டி என்று சொல்லாதீர்கள்.

சரி, கேட்ட பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் இது:

"உங்கள் நிறுவனத்தில் பணியாற்ற ஆர்வமாக இருக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் நான்கு வடிவமைப்புகளுக்கு எனக்கு ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். அதற்கான கட்டணத்தைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். கட்டணத்துக்கு வழியில்லை என்றால், இதே போன்ற என் முந்தைய வேலைகள் மூன்றை அவற்றின் கோப்புகளோடு நேரில் விளக்கத் தயாராக இருக்கிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்."

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. இதனால் சில இடங்களில் வாய்ப்புப் போகும், அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காலை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. உங்களில் யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் போட வேண்டாம். உங்கள் துறைக்கு ஏற்றபடி வேறு மாதிரி எழுத வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.