படுவான்கரையும் கல்முனையும் ஒன்றல்ல

கட்டட இடிபாடு ஊருக்கு ஊர் வேறுபடுவதற்குச் சனத்தொகைதான் காரணம் என்று கட்டடக் கழிவு பற்றிய கட்டுரை சொல்வது பாதிதான் சரி. எதை வைத்துக் கட்டினோம் என்பதையும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் பழைய வீட்டைப் பிரித்தால் ஓடும் மரமும் இன்னொரு வளவுக்குப் போய்விடும், மண்சுவர் மண்ணோடு மண்ணாகும். கிழக்குக் கரையோர நகரங்களான கல்முனை, காத்தான்குடிப் பக்கம் காணி சுருக்கம். மேல்மாடி எழுப்பவென்று பழையதை இடித்தால் மிஞ்சுவது கொங்கிறீற்றும் உடைந்த டைல்ஸும்தான். கம்பியைப் பழைய இரும்புக்காரர் விடமாட்டார், மிச்சம் டிரக்டர் பெட்டியில் ஏறிப் பள்ளக்காணி நிரப்பப் போகும், சிலவேளை இரவோடிரவாக வாவிக்கரைக்கும். 2004 சுனாமி கரையோரத்தையே ஒரே காலையில் இடிபாடாக்கியது வேறு கதை. ஆனால் கூரையிலிருந்து கழற்றிய உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? அதையும் இதே இடிபாட்டோடு சேர்த்துத்தான் கொட்டுகிறார்கள், அதன் தூசு நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.