நீந்தத் தெரியாத ஹீரோவும் எங்கள் ஊர்க் கடலும்

2005 வாக்கில், ராமேஸ்வரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். பாம்பனில் இருந்து பஸ் ஏறி நாலு பேர் போவோம். ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நாலு பேரும் நெருக்கியடித்து உட்காருவோம். கீபோர்டு ஒருத்தன் கையில், மவுஸ் இன்னொருத்தன் கையில், சீட் கோடு, அதாவது கேமை ஏமாற்றுகிற ரகசியச் சொற்கள், எழுதின நோட்டு என் மடியில். ஆடுவது ஜிடிஏ வைஸ் சிட்டி, கார் திருடி, குற்றம் செய்து பெரிய ஆள் ஆகிற கேம். முதல் நாளே பைக்கைத் திருப்பத் தெரியாமல் அதன் ஹீரோ டாமியைக் கடலுக்குள் விட்டோம். கரை ரெண்டு முழத் தூரத்தில் இருந்தது. ஹெல்த் மளமளவென்று இறங்கி, ஆள் செத்துப்போனான்.

"டேய், இவனுக்கு நீச்சத் தெரியாதாடா?"

நாலு பேருக்கும் அதிர்ச்சி. நாங்கள் பள்ளிக்கூடம் போகும் முன்பே கடலில் நீந்தப் பழகினவர்கள். இவன் கடலைச் சுற்றி எழும்பிய ஊரில் பெரிய தாதா ஆகப் போகிறவன், பெரிய பங்களாவைப் பிடிக்கிறவன், ஸ்பீடு போட்டில் சரக்கு எடுக்கப் போகிறவன். தண்ணீரில் விழுந்தால் செத்துவிடுகிறான். நோட்டில் இருந்த கோடுகளில் 'சீவேஸ்' என்று ஒன்று உண்டு. அதை டைப் செய்தால் கார் தண்ணீர்மேல் ஓடும். மற்றவர்கள் எல்லாம் டேங்க் கேட்பார்கள். நான் சீவேஸ் போட்டுக் காரைக் கடலுக்குள் விட்டு, இலங்கையின் தலைமன்னார் வந்துவிடும் என்பதுபோல நேராகப் போய்க்கொண்டே இருப்பேன்.

இப்போது பாம்பனில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் இன்னும் கேம் ஆடுகிறேன். அதே வரிசையின் புதுக் கேமான ஜிடிஏ 6 பற்றி நடக்கிற சண்டைகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் நான் கேட்க நினைக்கிற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

முதல் சண்டை தேதி. 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தது, ஒரே நாளில் 9 கோடித் தடவைக்கு மேல் பார்த்தார்கள். 2025-ல் கேம் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதையும் தள்ளி நவம்பர் 19 என்றார்கள். ஜிடிஏ 5 வந்தது 2013-ல். பையன்களுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் இதில் நான் கேமைச் செய்கிற ராக்ஸ்டார் கம்பெனி பக்கம்தான். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது, "நாளைக்குக் கடலுக்குப் போவணும், இன்னிக்கே மூடிக் குடு" என்று தலைமாட்டில் வந்து நிற்கிற சம்மாட்டிகளை, அதாவது படகு முதலாளிகளைத் தினமும் பார்க்கிறவன் நான். அவசரத்தில் மூடின எஞ்சின் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். நடுக்கடலில் நிற்கும்.

ரெண்டாவது சண்டை, கம்ப்யூட்டர். டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல்களான பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ரெண்டுக்கும்தான் கேமை அறிவித்தார்கள், கம்ப்யூட்டருக்கு இல்லை. இந்தக் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிக்கு மேல், அண்ணன்மார் படிக்க வாங்கின பழைய கம்ப்யூட்டரில் ரேம் ஏற்றி ஆடுகிறவர்கள். கன்சோல் விலையில் இங்கே ஒரு பழைய எஞ்சினைப் பேசி முடித்துவிடலாம். இருந்தும் நான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் மேப்.

லியோனிடா என்று ஒரு கற்பனை மாநிலம், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைப் பார்த்துச் செய்தது. வைஸ் சிட்டி அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி லியோனிடா கீஸ், தீவுக்கூட்டம். அதற்கு மூலம் நிஜ ஃப்ளோரிடா கீஸ். அந்த இடத்தைப் பற்றிப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. தீவுக்குத் தீவு பாலம் கட்டி, கீ வெஸ்ட் தீவு வரைக்கும் கடல்மேல் ரயில் விட்டது 1912-ல். நம்முடைய பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914-ல். 1935-ல் ஒரு பெரும்புயல் அந்த ரயில் பாதையைச் சிதைத்தது. ஆட்களை மீட்கப் போன ரயிலின் பெட்டிகளையே கடல் தண்டவாளத்தில் இருந்து புரட்டிப் போட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன ரயிலுக்கு என்ன ஆனது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரிடாவில் சிதைந்த அந்த ரயில் பாதையிலேயே 1938-ல் அவர்களுக்குக் கார் ரோடு வந்தது. நமக்கு ரோடு பாலம் வந்தது 1988-ல். அங்கே ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மெக்சிகோ வளைகுடா. இங்கே வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்போம். நடுவில் இருக்கிற ஒரு துண்டு மணலில் நின்றால் ஒரு காதில் ஒரு சத்தம், மறுகாதில் வேறு சத்தம்.

பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பாம்பனை ஒரு கேமுக்குள் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதனால்தான், ரோமம் அசைகிறது, வியர்வை தெரிகிறது, பீர் பாட்டிலில் நுரை தெரிகிறது என்று டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பாராட்டுகிறவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தண்ணீர். 2004-ல் வந்த இன்னொரு ஜிடிஏ-வான சான் ஆண்ட்ரியாஸில் ஹீரோ சிஜே நீந்தினான், முங்கினான். அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலில் சென்டர்காரர் எங்களை வெளியே அனுப்பினார். ஜிடிஏ 5-ல் கடலடியில் நீர்மூழ்கியே ஓட்டலாம், சுறா உண்டு. ஆனால் மேப் முடிகிற இடத்தைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். எஞ்சின் தானாக நிற்கும். படகு மூழ்கும். அப்புறம் சுறா வரும். எஞ்சின் காரணம் இல்லாமல் நிற்காது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், கூலிங் தண்ணீர் ஏறாமல் சூடாகியிருக்கும். மேப் முடிந்தது என்பதற்காக எந்த எஞ்சினும் நின்றதில்லை. ஒரு காரின் கதவு எப்படி நசுங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், படகை ஏன் தண்ணீரில் ஓடுகிற கார் மாதிரி விட்டுவிடுகிறார்கள்?

இதைச் சொன்னபோது அக்கா மகன், பத்தாவது படிக்கிறான், கேட்டான்: "அலை எப்படி இருந்தா என்ன மாமா? சுட்டுக்கிட்டே போகணும், அவ்வளவுதான?"

அவனுக்கு நேராகப் பதில் சொல்ல வராமல் நம்ம தெருவில் நடந்ததைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். ஃபைபர் படகு வைத்திருந்தார். அதில் எஞ்சின் பூட்டிக் கொடுத்தது நான்தான். ரெண்டு மாதமாக மீன்பாடு சரியில்லை, வட்டி ஏறிக்கொண்டே போகிறது. ஒரு தரகர் வந்தார். இலங்கைக்குக் கடத்துகிற பீடி இலை மூட்டைகள், ஒரே ராத்திரி, நடுக்கடலில் மாற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார். பேசின கூலி, டீசல் போக ஒரு மாத வட்டிக்குச் சரியாக இருந்திருக்கும். நிலா இல்லாத ராத்திரி. திரும்பி வரும்போது பிடித்துவிட்டார்கள். தரகர் போனை எடுக்கவில்லை. மூட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று அண்ணனுக்கே தெரியாது. வெளியே வந்துவிட்டார், ஆனால் இன்றைக்கும் வாய்தா வாய்தாவாக ராமநாதபுரம் கோர்ட்டுக்கு அலைகிறார். போகிற ஒவ்வொரு நாளும் தொழில் இல்லை. படகு இன்னும் வழக்குச் சொத்தாகத்தான் நிற்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தேன். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது. நான் பூட்டின போல்ட்டுகள் துருவேறி ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. ஓரத்தில் அவர் மகள் பெயரை எழுதின பெயிண்ட் மட்டும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

கேமில் போலீஸ் துரத்தினால் திரை ஓரத்தில் ஸ்டார் வரும். சந்துக்குள் ஒளிந்தால் ஸ்டார் அணையும். வைஸ் சிட்டியில் பே அண்ட் ஸ்பிரே என்ற பெயிண்ட் கடையில் காரை விட்டு நிறம் மாற்றினால் யாருக்கும் ஆள் தெரியாது. அண்ணனுக்கு அந்த ஸ்டார் இத்தனை வருஷமாக அணையவில்லை.

இந்தக் கரைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கடத்தல் என்றால் கஞ்சாவும் தங்கமும்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. 2023-ல் மண்டபம் பக்கம் கடலில் வீசின தங்கத்தை ஆள் இறக்கித் தேடி எடுத்தார்கள். ஆனால் கடலடியில் கிடக்கிற, வெள்ளரிக்காய் மாதிரி உடம்புள்ள உயிரான கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 வரைக்கும் அது பகலில் செய்கிற தொழில். பிடித்தார்கள், அவித்தார்கள், காயவைத்து விற்றார்கள். அந்த வருஷம் வன உயிரினச் சட்டத்தில் சேர்த்துத் தடை போட்டார்கள். அட்டை அழிந்துவிடக் கூடாது என்ற காரணம் எனக்குப் புரிகிறது, தப்பு சொல்லவில்லை. ஆனால் அதுவரை முங்கி எடுத்தவர்கள் ஒரே உத்தரவில் குற்றவாளி ஆனார்கள். 2020 வாக்கில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். உடனே சமையல் மஞ்சள் மூட்டை கடத்தல் சரக்கு ஆனது. மஞ்சள்! எந்த கேம் கதாசிரியரும் இதை யோசித்திருக்க மாட்டார். கரையோரத்தில் குற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எங்கோ ஒரு சட்டம் மாறும், ஒரு விலை ஏறும், இங்கே கடனில் இருக்கிற ஒருத்தர் வீட்டுக் கதவை ராத்திரி தட்டுவார்கள்.

அதனால் ஜிடிஏ 6-ல் வருகிற ஜேசன் என்ற பாத்திரத்தை நான் ரொம்ப எதிர்பார்க்கிறேன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, கீஸில் போதைப்பொருள் கடத்துகிறவர்களிடம் வேலை பார்க்கிறவன். பிரையன் என்ற பழைய கடத்தல்காரர் ஒருத்தர், தன் படகுத் துறையை வைத்தே இன்னும் சரக்கு நகர்த்துகிறார். தன் வீட்டில் அவனை வாடகை இல்லாமல் இருக்க விடுகிறார், பதிலுக்கு வசூல் வேலைக்கு அனுப்புகிறார். ரெண்டாவது டிரெய்லர் ஆரம்பிப்பதே ஜேசன் கூரைமேல் நின்று ஒழுகுகிற இடத்தை அடைப்பதில்தான். வாடகை இல்லாத வீடு, அதற்குப் பதில் ஒரு வேலை. அந்தக் கணக்கு எப்படி ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இதைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

ஜேசனின் ஜோடி லூசியா பற்றியும் ஒன்று. ஜிடிஏ 3-க்குப் பிறகு வந்த பெரிய கதைகளில் ஒரு பெண் முதன்மைப் பாத்திரமாக வருவது இதுதான் முதல் தடவை. சிறையில் இருந்து வெளியே வருகிறவள். "பொண்ணு எப்படி இதெல்லாம் பண்ணும்" என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எரிச்சலாக வருகிறது. எங்கள் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கை கிழியக் கிழிய, மூச்சை அடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பெற்றோர்கள் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்கான கேம், சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. அக்கா மகனிடமும் அதைத்தான் சொன்னேன். மிஷன் எல்லாம் பதினெட்டுக்கு அப்புறம். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் படகு ஓட்டுவதைப் பார்க்கலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை.

போன வாரம் அவனைப் படகில் ஏற்றிப் பாலத்துக்கு அடியில் கூட்டிப்போனேன். ரெண்டு கடலும் அந்த இடுக்கு வழியாகத்தான் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். எஞ்சினை அணைத்தேன். பத்து எண்ணுவதற்குள் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், படகை இழுத்துத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டது. பையன் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் எஞ்சினைப் போட்டு வெளியே எடுத்தேன். கரைக்கு வருகிறவரை அவன் வாய் திறக்கவில்லை. இறங்கின பிறகுதான் கேட்டான்: "மாமா, இந்த இழுப்பை கேம்ல வைப்பாங்களா?"

நவம்பர் எங்களுக்கு வாடைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தர மாட்டார்கள், படகெல்லாம் கரையில் கிடக்கும், எனக்கும் வேலை குறையும். கேம் கைக்கு வந்ததும் முதல் மிஷனைத் தொட மாட்டேன். ஒரு சின்னப் படகைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு, லியோனிடா கீஸில் ஏதாவது ஒரு பாலத்துக்கு அடியில் போய் எஞ்சினை அணைப்பேன். படகு நின்ற இடத்திலேயே நிற்கிறதா, இழுபடுகிறதா என்று நாங்கள் ரெண்டு பேரும் பார்க்க வேண்டும்.